பதினோரு நொடி

வலது கட்டைவிரலில் மாவுக்கட்டு.
ஸ்டான்லியில் போட்டது, மூன்று வாரத்துக்கு.
இடது கையில் போனைப் பிடித்து
அதே கையால் தொட்டால்
வீடியோ ஓடுவதற்குப் பதில்
யாருக்கோ கால் போகிறது.
நேற்று கோச்சுக்கே போனது.
"இன்னாம்மா?"
"ஒண்ணுமில்ல சார், கை பட்டுச்சு."

எபிதான் வழி சொன்னான்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஹோம்வொர்க்கிலிருந்து தலை தூக்காமல்.
"படத்து மேல ஒரு தட்டு தட்டுக்கா.
மூலைல பல்சக்கரம் வரும், அத்தத் தொடு.
உள்ள போ. இன்னும் உள்ள போ.
லூப்புன்னு இருக்கா? ஆன் பண்ணு.
அவ்ளோதான்.
நீ நிறுத்துற வரிக்கும் அதுவே ஓடும்."

அதுவே ஓடுகிறது.
முதல் நொடியில் விசில்.
மூன்றில் எண்ணூர் டீமின் ஒன்பதாம் நம்பர்
யோகலட்சுமி ஓடி வருகிறாள்.
நாலில் நான் வலப்பக்கம் பாய்கிறேன்.
பந்து இடப்பக்கம் போகிறது.
ஐந்தில் என் விரலும் போஸ்ட்டும்.
மீதி ஆறு நொடி
எடுத்தவனின் சிரிப்புச் சத்தம் மட்டும்;
போன் வானத்தைப் பார்த்தபடி குதிக்கிறது.
வானத்தில் ஒரு காக்கா.
பிறகு விசில்.

முப்பதாவது சுற்றில் என் காலைப் பார்த்தேன்.
அவள் உதைப்பதற்கு முன்பே
இடது பாதம் முடிவெடுத்துவிட்டது,
என்னைக் கேட்காமல்.
எழுபதில், போஸ்ட்டுக்குப் பின்னால் ஓர் ஆள்
பல் குத்திக்கொண்டு நிற்கிறார்.
வியாசர்பாடி மொத்தமும் கத்துகிறது,
அவருக்குப் பல்லில்தான் வேலை.
அவரை எனக்குப் பிடித்துப்போனது.
அடுத்த சுற்றில் அவருக்காகக் காத்திருந்தேன்.

நடுநடுவே விளம்பரம்:
மூன்று படுக்கையறை, நீச்சல்குளத்தோடு.
எங்களுக்கும் உண்டு நீச்சல்குளம்,
மழைக்காலத்தில்,
கணேசபுரம் சப்வேக்குள்.

அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.
"அத்தியே எத்தினி தபா பாப்ப?
இந்த வாட்டி புட்ச்சிருவியா?"

புட்ச்சிர மாட்டேன். தெரியும்.
ஆனால் விசிலுக்கும் உதைக்கும் நடுவே
இரண்டு நொடி இருக்கிறதே,
அதில் ஒவ்வொரு தடவையும்
எனக்கு நம்பிக்கை வந்து தொலைக்கிறது.
தோற்றதை வெளியே சொல்லிவிடலாம்,
இதை யாரிடம் சொல்ல?

ஜீவா ஸ்டேஷனில் கடைசி ரயில் போனது.
எபி படுக்கும் முன் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தான்,
காலே கால் அளவுக்கு.
"இப்ப பாரு, நத்த மாதிரி ஓடும்."

நத்தை மாதிரி ஓடினாள் யோகலட்சுமி.
ஜடை மெதுவாக எழுந்து மெதுவாக விழுந்தது.
பந்தை நெருங்கினாள், காலை வீசினாள்,
அப்போதுதான் கண்டேன்:
கண்ணை இறுக மூடியிருக்கிறாள்.
ஊசி போட வரும்போது சின்னப் பிள்ளைகள் மூடுவது போல,
முகமே சுருங்க.

திருப்பி ஓடியது. மூடியேதான் இருக்கிறாள்.
திருப்பி.

உதைக்கிறவளின் கண்ணைப் படி என்று
ஐந்து வருடமாகச் சொல்கிறார் கோச்.
நானும் படித்துத்தான் பாய்ந்தேன்.
மூடிய கண்ணில் என்ன எழுதியிருந்ததோ,
நான் எதைப் படித்தேனோ.
பந்து போன திசை
பந்து போகும்வரை அவளுக்கும் தெரியாது.

சிரிப்பு வந்தது. விரல் வலித்தது.
இருநூறா, இருநூற்றுப் பத்தா,
எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.
போன் இட்லித்தட்டு மாதிரி சுட்டது.
பல்சக்கரத்தைத் தொட்டு, உள்ளே போய்,
இன்னும் உள்ளே போய்,
லூப்பை அணைத்தேன்.

கடைசியாக ஒருமுறை கோல் விழுந்தது.
காக்கா பறந்தது.
விசில் வரவில்லை.

அடுத்தது தானாக வந்தது:
யாரோ ஒருத்தி, எந்த ஊரோ,
இரும்புக் கடாயில் இறால் தொக்கு.
எண்ணெய் பிரியும் சத்தம் கேட்டு
அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.
முடியும்வரை பேசவில்லை.
பிறகு என் தோள் மேல் எட்டிப் பார்த்து
"புளி எப்ப ஊத்துனா அவ?" என்றாள்.
"இத்த ஒரு தபா திருப்பிப் போடு."